ஒன்பதாம் வகுப்புக் கணக்கு: புள்ளியியலும் இயற்கணிதமும் திருப்பும்போது எழும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் சாயங்கால நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுத் தேர்வு நெருங்கினால் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். மீன் எடை, பூ விலை, மழையளவு எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். அணைகளின் உயரமும் சிலையின் உயரமும் குறளின் அதிகார எண்ணிக்கையும் மட்டும் உண்மையானவை. பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வரும் இடங்களில் நான் தமிழ் எழுத்தே போட்டிருக்கிறேன். எந்த எழுத்தைப் போட்டாலும் விடை மாறாது.

பத்து நாள்தான் இருக்கிறது டீச்சர். எந்தப் பாடத்தை முதலில் எடுக்க வேண்டும்?

புள்ளியியலை எடுங்கள். கருத்துகள் குறைவு, வழிமுறை தெளிவு. மூன்று நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் இயற்கணிதத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். முதல் நாளிலிருந்தே தினமும் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். ஆயத்தொலை வடிவியலிலும் அளவியலிலும் முக்கோணவியலிலும் கடைசி இரண்டு வரி இயற்கணிதம்தான். அங்கே குறி தவறினால் அந்தப் பாடங்களின் மதிப்பெண்ணும் சேர்ந்து போகும்.

அடுத்த ஆண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் கேள்வி 10, ஐந்து மதிப்பெண் கேள்வி 10, எட்டு மதிப்பெண் கேள்வி 2, மொத்தம் 100. ஐந்து மதிப்பெண் பகுதிக்கு மட்டும் 50 போகிறது. அதில் விடை சரியா என்பதோடு, எப்படி வந்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மனசுக்குள் போடும் கணக்கைத் தாளில் வரி வரியாக எழுதப் பழகுவதுதான் இந்தப் பத்து நாள் வேலை. நம் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு நன்றாகவே வரும், எழுதும்போதுதான் விட்டுவிடுகிறார்கள்.

சராசரி ஒன்று போதாதா? இடைநிலை அளவு, முகடு என்று மூன்று எதற்கு?

குளச்சலில் ஒரு காலை ஐந்து வள்ளங்கள் கரைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கில் முறையே 40, 45, 50, 55 கிலோ மீன். ஐந்தாவது வள்ளத்துக்குச் சாளைக் கூட்டம் கிடைத்துவிட்டது, 310 கிலோ. மொத்தம் 500 கிலோ. ஐந்தால் வகுத்தால் சராசரி 100.

அன்று நூறு கிலோ பிடித்த வள்ளம் எது? ஒன்றுகூட இல்லை. நான்கு வள்ளங்கள் அதில் பாதியைச் சுற்றித்தான் பிடித்திருக்கின்றன. கூட்டுச் சராசரி பொய் சொல்லவில்லை. எல்லா மீனையும் சமமாகப் பங்கு வைத்தால் ஆளுக்கு எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. ‘சாதாரணமாக ஒரு வள்ளத்துக்கு எவ்வளவு கிடைத்தது?’ என்பது வேறு கேள்வி. அதற்கு, வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்க்க வேண்டும். அதாவது 50. அதுதான் இடைநிலை அளவு. அந்த 310 கிலோ 3,000 ஆனாலும் இடைநிலை 50தான், நகராது. சராசரியோ ஓடிவிடும்.

முகடு, அடிக்கடி வரும் மதிப்பு. சீருடை தைக்கும் கடைக்காரர் எந்த அளவுச் சட்டையை அதிகம் தைத்து வைப்பார்? பிள்ளைகளின் சராசரி அளவைப் பார்த்து அல்ல, அதிகம் பேர் கேட்கும் அளவைப் பார்த்துத்தான். ‘எந்த அளவை பொருத்தமானது, ஏன்?’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டால், சூத்திரத்தை எழுதாமல் இப்படிக் காரணத்தை எழுதுங்கள்.

ஒரு விவரத்துக்கு இரண்டு முகடு இருக்கலாமா?

இருக்கலாம். நம் மாவட்டமே அதற்கு எடுத்துக்காட்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குக் கிடைக்கின்றன. மழை பெய்த நாள்களை மாதவாரியாக எண்ணிப் படம் வரைந்தால் ஜூனை ஒட்டி ஒரு மேடும் அக்டோபரை ஒட்டி ஒரு மேடும் எழும்பி நிற்கும். ‘மாதத்துக்குச் சராசரியாக இத்தனை நாள் மழை’ என்று ஒரே எண்ணில் சொன்னால் அந்த இரண்டு மேடும் தட்டையாகிவிடும். எந்த மதிப்பும் திரும்ப வரவில்லை என்றால் முகடு இல்லை என்று எழுத வேண்டும், பூச்சியம் என்று எழுதக் கூடாது.

இடைநிலை எளிதுதானே, அதில் ஏன் மதிப்பெண் போகிறது?

வரிசைப்படுத்த மறப்பதால். கேள்வியில் 23, 8, 41, 15, 30 என்று இருந்தால் நடுவில் தெரிகிற 41ஐ எழுதிவிடுகிறார்கள். ஏறுவரிசையில் 8, 15, 23, 30, 41 என்று வைத்தால் விடை 23. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடுவில் உள்ள இரண்டின் சராசரி. வரிசைப்படுத்திய வரியைக் கட்டாயம் தாளில் எழுதுங்கள்.

பிரிவு இடைவெளி போட்ட அட்டவணை வந்தாலே பயமாக இருக்கிறது. ஒன்றை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

சரி, நிதானமாகப் போடுவோம். ஒரு தோப்பில் 40 தென்னை. ஒரு வெட்டில் 0–10 காய் தந்த மரம் 6, 10–20 காய் தந்தது 18, 20–30 காய் தந்தது 12, 30–40 காய் தந்தது 4. சரியாகப் பத்துக் காய் தந்த மரத்தை இரண்டாவது பிரிவில் சேர்க்கிறோம்.

முதலில் கூட்டுச் சராசரி. 10–20 பிரிவில் உள்ள 18 மரமும் தனித்தனியே எத்தனை காய் தந்தது என்று அட்டவணை சொல்லவில்லை. அதனால் ஒவ்வொன்றும் நடுமதிப்பான 15 காய் தந்ததாக எடுத்துக்கொள்கிறோம். இதை ஒரு தோராயம் என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். நடுமதிப்புகள் 5, 15, 25, 35. மர எண்ணிக்கையால் பெருக்கினால் 30, 270, 300, 140. கூட்டினால் 740. 740 ÷ 40 = 18.5 காய்.

அடுத்து இடைநிலை. மரங்களைக் காய் எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 40இல் பாதி 20. இருபதாவது மரம் எங்கே நிற்கிறது? முதல் பிரிவில் 6 மரம் முடிந்துவிட்டது. இரண்டாவது பிரிவு முடியும்போது 24. ஆக, இருபதாவது மரம் 10–20 பிரிவுக்குள் இருக்கிறது. அந்தப் பிரிவுக்குள் நுழைந்து இன்னும் 14 மரம் நடக்க வேண்டும், அங்கே இருப்பது 18 மரம். அந்தப் பிரிவின் அகலம் 10 காய், அதில் 18க்கு 14 பங்கு தூரம் போகிறோம். இடைநிலை = 10 + (14 ÷ 18) × 10 = 17.78.

பாடநூலில் எழுத்தாக இருக்கும் சூத்திரம் இதுவேதான். 10 என்பது கீழ் எல்லை, 6 என்பது முந்தைய குவிவு நிகழ்வெண் (அந்தப் பிரிவுக்கு முன்பே முடிந்துவிட்ட மரங்களின் மொத்தம்), 18 என்பது அந்தப் பிரிவின் நிகழ்வெண் (அதிலுள்ள மரங்கள்). தோப்புக்குள் நடந்து பார்த்த பிள்ளை சூத்திரத்தை மறந்தாலும் விடைக்கு வந்துசேரும்.

முகட்டுப் பிரிவும் 10–20தான், அதில்தான் 18 மரம். முன் பிரிவைவிட அது 12 கூடுதல், பின் பிரிவைவிட 6 கூடுதல். பின்பக்கம்தான் மரம் அதிகம் என்பதால் முகடு அந்தப் பக்கம் சாயும். 12 + 6 = 18 என்பதில் 12 பங்கு தூரம்: 10 + (12 ÷ 18) × 10 = 16.67.

விடைகள் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முகடு, ஏறக்குறைய 3 × இடைநிலை − 2 × சராசரி. இங்கே 53.34 − 37 = 16.34. நம் 16.67க்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தத் தொடர்பு தோராயமானது, அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் 16க்குப் பதில் 61 வந்திருந்தால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

ஊகச் சராசரி முறை எதற்கு? நேரடி முறையே போதுமே?

எண்கள் சிறியதாக இருந்தால் நேரடி முறையே போதும். 425, 475, 525 என்று நடுமதிப்பு வந்தால்தான் இதன் அருமை தெரியும். மேலே உள்ள தோப்பையே எடுங்கள். சராசரி 15 என்று ஊகித்துவிட்டு, ஒவ்வொரு பிரிவும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் பாருங்கள்: −10, 0, 10, 20. மர எண்ணிக்கையால் பெருக்கினால் −60, 0, 120, 80. கூடுதல் 140, நாற்பதால் வகுத்தால் 3.5. ஊகம் 3.5 குறைவாக இருந்தது என்று பொருள். 15 + 3.5 = 18.5, அதே விடை.

ஊகம் எதுவானாலும் விடை ஒன்றேதான். ஒரு நாள் 25 என்று ஊகித்துப் போட்டுப் பாருங்கள், நம்பிக்கை வரும்.

‘ஒரு மதிப்பு தவறாகப் பதிவாகிவிட்டது, சரியான சராசரி காண்க’ என்ற கணக்கை எப்படிப் போடுவது?

மழைக்காலத்தில் நாளிதழில் குழித்துறை, தக்கலை, பூதப்பாண்டி, மயிலாடி என்று இடவாரியாக மழையளவு மில்லிமீட்டரில் வருமல்லவா? ஆறு இடங்களின் சராசரி 32 என்று ஒருவர் கணக்கிட்டார். பிறகு பார்த்தால் ஓர் இடத்தில் 53ஐ 23 என்று எழுதியிருந்தார். மொத்தத்துக்குத் திரும்பிப் போங்கள்: 32 × 6 = 192. தவறானதைக் கழியுங்கள், சரியானதைச் சேருங்கள்: 192 − 23 + 53 = 222. ஆறால் வகுத்தால் 37. சராசரியோடு நேரடியாக 30ஐக் கூட்டிவிடாதீர்கள், அந்த 30 ஆறு இடத்துக்கும் பங்காகப் போகிறது.

இரண்டு பிரிவுகளைச் சேர்க்கும் கணக்குக்கும் இதே வழிதான். 40 பேரின் சராசரி மதிப்பெண் 70, வேறு 10 பேரின் சராசரி 50 என்றால் மொத்தச் சராசரி 60 இல்லை. (2,800 + 500) ÷ 50 = 66.

இயற்கணிதத்தில் அந்த எழுத்து உண்மையில் என்ன?

எண். இந்த ஒரு சொல்லைப் பிள்ளைகள் மனசில் பதித்துவிட்டால் என் வேலை பாதி முடிந்தது.

சிறு வகுப்பில் ‘3 வாழைப்பழமும் 2 தேங்காயும்’ என்று சொல்லி இயற்கணிதத்தைத் தொடங்குவது வழக்கம். ஆரம்பத்துக்கு அது எளிதாக இருக்கும். ஆனால் எழுத்து என்றால் ஒரு பொருளின் பெயர்ச்சுருக்கம் என்ற எண்ணம் அங்கேயே தங்கிவிடுகிறது. ‘வ’ என்றால் வாழைப்பழம் இல்லை. ஒரு பழத்தின் விலையோ பழங்களின் எண்ணிக்கையோ, ஏதோ ஓர் எண்.

இதைச் சோதிக்க வகுப்பில் நான் கேட்கும் கேள்வி: ‘ஒவ்வொரு வள்ளத்திலும் 6 பேர். வள்ளங்களின் எண்ணிக்கை வ, ஆட்களின் எண்ணிக்கை ஆ. சமன்பாடு எழுது.’ பல பேர் வ = 6ஆ என்று எழுதுகிறார்கள். ‘ஒரு வள்ளம், ஆறு ஆள்’ என்று வாசித்த வரிசையில் அப்படியே எழுத்தாக்கிவிட்டார்கள். இரண்டு வள்ளம் வந்தால் என்ன ஆகும்? 12 ஆள். வ = 6ஆ என்பதில் போட்டால் 2 = 72 என்று வருகிறது. ஆ = 6வ என்பதில் போட்டால் 12 = 12. எழுதிய சமன்பாட்டில் ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பாருங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரிடம் கேட்பதைவிட வேகமாக அதுவே சொல்லிவிடும்.

மாறி, மாறிலி என்ற சொற்களுக்கும் நம் ஊரிலேயே விளக்கம் இருக்கிறது. பேச்சிப்பாறை அணையின் முழு உயரம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இவை மாறிலிகள். இன்றைய நீர்மட்டம் மாறி, அதை ம என்போம். அணை நிரம்ப இன்னும் எத்தனை அடி வேண்டும்? 48 − ம. அது ஒரு கோவை. ‘இன்னும் 11 அடி வேண்டும்’ என்று யாராவது சொன்ன உடனே 48 − ம = 11 என்று சமன்பாடு ஆகிவிடுகிறது, ம = 37. கோவையைச் சுருக்கலாம், தீர்க்க முடியாது. சமன்பாட்டைத் தீர்க்கலாம்.

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று படித்தேன். ஆனால் சில நேரம் தவறாக வருகிறதே?

அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். 3க = 12 என்பதில் 3 அந்தப் பக்கம் போகிறது என்று க = 12 − 3 எழுதுகிறவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். எதுவும் எங்கேயும் போவதில்லை. இருபக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், தராசுத் தட்டு சாயாமல் இருக்க. 3க = 12 என்றால் இருபக்கமும் 3ஆல் வகுக்கிறோம், க = 4. க − 5 = 9 என்றால் இருபக்கமும் 5ஐக் கூட்டுகிறோம், க = 14.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி இதற்குத் தந்த பெயர் ‘அல்-ஜப்ர்’. கழிக்கப்பட்டதைத் திரும்பச் சேர்த்து முழுமையாக்குவது என்று பொருள். முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பதற்கும் அரபியில் அந்தச் சொல் உண்டு. அதைச் சொல்லும்போதெல்லாம் நம் மாவட்டத்து வர்ம ஆசான்மார் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது எனக்கு நினைவுக்கு வரும். க − 5 என்பதில் 5 உடைந்து போயிருக்கிறது, அதைச் சேர்த்து வைக்கிறோம்.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 7 − (க − 3) என்பது 10 − க. பல பேர் 4 − க என்று எழுதுகிறார்கள். க = 5 போட்டுப் பாருங்கள். முதலில் உள்ளது 7 − 2 = 5. 10 − க என்றாலும் 5. 4 − க என்றால் −1. எது சரி என்று தாளே சொல்லிவிட்டது.

(அ + இ)² என்பதை விரித்தால் அ² + இ² வராதா?

வராது. 10 மீட்டர் பக்கமுள்ள சதுர விளையை இரண்டு பக்கமும் 2 மீட்டர் நீட்டினால் 12 மீட்டர் சதுரம், பரப்பு 144. அ² + இ² என்று போட்டால் 104தான். அந்த 40 எங்கே போனது? பக்கவாட்டில் 10 × 2 என்று ஒரு நீளத் துண்டு, மேலே இன்னொன்று. அந்த இரண்டு துண்டுதான் 2அஇ. படத்தைக் கோடு போட்டு வரைந்து பார்த்தவர்கள் இதை மறப்பதில்லை.

வாக்கியக் கணக்கைப் பார்த்தாலே எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

‘ப என்க’ என்ற வரியில் தொடங்குங்கள். எது தெரியாதோ அதற்குப் பெயர் வைப்பதுதான் முதல் வேலை. 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. சிலை, பீடத்தைவிட 57 அடி உயரம். பீடம் எவ்வளவு? பீடத்தின் உயரம் ப அடி என்க. சிலை ப + 57. சேர்த்தால் 2ப + 57 = 133, ப = 38. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, மற்ற இரண்டு பாலுக்கும் சேர்த்து 95 அதிகாரம். பொருட்பாலில் இன்பத்துப்பாலைவிட 45 அதிகாரம் கூடுதல் என்பதை வைத்து அந்த 95ஐ நீங்களே பிரித்துப் பாருங்கள். 70, 25 என்று வர வேண்டும்.

இரண்டு மாறி வந்தால் தோவாளைப் பூக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ பிச்சியும் 3 கிலோ கேந்தியும் 1,700 ரூபாய். 1 கிலோ பிச்சியும் 1 கிலோ கேந்தியும் 750 ரூபாய். பூ வாங்கப் போன அக்கா எழுத்து எதுவும் இல்லாமலே யோசிப்பார்: ‘இரண்டாவது பில்லை இரட்டிப்பாக வாங்கினால் 1,500. முதல் பில்லில் அதைவிட ஒரு கிலோ கேந்திதான் கூடுதல். அப்போ கேந்தி 200, பிச்சி 550.’ பாடநூல் இதைத்தான் நீக்கல் முறை என்கிறது. தேர்வில் ஒரு கிலோ பிச்சியின் விலை ப, ஒரு கிலோ கேந்தியின் விலை க என்று வைத்து, இதையே 2ப + 3க = 1,700, 2ப + 2க = 1,500, கழித்தால் க = 200 என்று மூன்று வரியில் எழுதுங்கள். கடைசியில் 1,100 + 600 = 1,700 என்று சரிபார்த்த வரியையும் சேருங்கள்.

எங்களுக்குக் கணக்கு தெரியாது. பிள்ளைக்கு எப்படி உதவுவது?

உங்களுக்குத் தெரியாது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீன் ஏலத்தில் கேட்பதும், ரப்பர் ஷீட்டுக்கு விலை பேசுவதும், வாழைக்குலை எடைக்குக் காசு எண்ணுவதும் கணக்குதான். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். ‘இந்த எழுத்து எதைக் குறிக்குது மக்களே?’ அப்புறம், ‘விடை சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?’ பிள்ளை வாயால் விளக்கும்போதே தன் தவறைக் கண்டுபிடித்துவிடும். விடையை நீங்கள் சரிபார்க்கத் தேவையே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் தயவுசெய்து அந்த நேரத்தில் பேசாதீர்கள்.

இரண்டு பாடமும் சேர்ந்து வருகிற கணக்கு ஒன்று கொடுங்கள்.

ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு கோழிகளை எண்ணினோம். 1 கோழி உள்ள வீடு 4, 2 கோழி உள்ள வீடு 6, 3 கோழி உள்ள வீடு ப, 4 கோழி உள்ள வீடு 3, 5 கோழி உள்ள வீடு 1. சராசரி 2.5. ப எத்தனை?

மூடி வைத்துவிட்டு முதலில் நீங்கள் போட்டுப் பாருங்கள். பிறகு ஒப்பிடுங்கள். வீடுகள் 14 + ப. கோழிகள் 4 + 12 + 3ப + 12 + 5, அதாவது 33 + 3ப. சராசரி 2.5 என்பதால் 33 + 3ப = 2.5 × (14 + ப) = 35 + 2.5ப. இருபக்கமும் 2.5பவைக் கழித்து, 33ஐயும் கழித்தால் 0.5ப = 2, ப = 4. சரிபார்க்க: 18 வீடு, 45 கோழி, 45 ÷ 18 = 2.5.